படுக்கையில் இருந்து பாடம் சொன்ன ஜூலி

பிள்ளைகளே, ஒரு கேள்வி. உங்களுக்குப் பாடம் சொல்லித் தருபவர் ஆசிரியர். அந்த ஆசிரியருக்குச் சொல்லித் தருவது யார்?

சிரிக்காதீங்க, இது நல்ல கேள்விதான். ஒருவருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவரால் உடனே முப்பது குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லித் தர முடியுமா? முடியாது. பாடம் தெரிவது ஒரு வேலை, பாடம் சொல்லித் தருவது இன்னொரு வேலை. நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொல்லித் தரும் அம்மா அப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டில் தானாக வந்துவிட்டது. ஐந்து வயதுக் குழந்தையின் வாயில் "ழ" வரவழைப்பதுதான் கஷ்டம் என்பார்கள்.

ஆசிரியர் ஆக விரும்புகிறவர்கள் படிக்கும் இடத்துக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று பெயர். இந்தப் பாடத்தில் வரும் ஜூலி பில்லியார் பல ஆண்டுகள் எழுந்து நிற்கக்கூட முடியாமல் இருந்தவர். பெண்களை ஆசிரியர்களாக்கி ஊர் ஊராக அனுப்பும் வேலையைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

கிராமத்துக் கடை

பிரான்ஸ் நாட்டின் வடக்கே பிக்கார்டி என்ற பகுதி இருக்கிறது. அங்கே குவிலி என்று ஒரு சின்னக் கிராமம். அந்தக் கிராமத்தில் 1751ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி ஜூலி பிறந்தாள். அப்பா சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார். கொஞ்சம் நிலமும் இருந்தது. பணக்காரக் குடும்பம் இல்லை, ஆனால் சாப்பாட்டுக்குக் குறை இல்லை.

ஜூலியின் மாமா ஒருவர் அந்த ஊரில் பள்ளி ஆசிரியர். அவரிடம்தான் ஜூலி எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டாள். அது ஒரு கிராமத்துப் பள்ளி, அவ்வளவுதான். பெரிய படிப்பெல்லாம் அங்கே கிடையாது. ஜூலி பெரியவர் ஆன பிறகும் அவர் எழுதிய கடிதங்களில் எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. எழுத்துப் பிழை வரும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்!

ஜூலியின் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். கத்தோலிக்கம் என்பது கிறிஸ்தவ மதத்தின் ஒரு பிரிவு. அந்த மதத்தின் அடிப்படைப் பாடங்களைக் கேள்வி பதிலாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அதற்கு ஞானோபதேசம் என்று பெயர். ஏழு வயதிலேயே ஜூலிக்கு அது முழுக்க மனப்பாடம். தான் மனப்பாடம் செய்ததோடு அவள் விடவில்லை. கூட விளையாடும் பிள்ளைகளை உட்கார வைத்து அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். டீச்சர் விளையாட்டு நீங்களும் விளையாடி இருப்பீர்கள். ஜூலி அந்த விளையாட்டை நிறுத்தவே இல்லை என்று சொல்லலாம்.

அவளுக்குப் பதினாறு வயது ஆனபோது கடையில் திருட்டுப் போனது. துணி போனால் கடை போன மாதிரிதான். ஜூலி வயல் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அறுவடைக் காலத்தில் மற்ற ஆட்களோடு சேர்ந்து கதிர் அறுத்தார். மத்தியானம் எல்லோரும் நிழலில் உட்கார்ந்து ஓய்வு எடுப்பார்கள் இல்லையா? அந்த நேரத்திலும் ஜூலி அவர்களுக்குப் பாடம் சொன்னார். கேட்டவர்களில் பலர் அவரைவிட வயதில் பெரியவர்கள்.

ஒரு சத்தம்

1774ஆம் ஆண்டு. ஜூலிக்கு இருபத்திரண்டு வயது. ஓர் இரவு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று வெளியிலிருந்து யாரோ அப்பாவைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு யார் மேலும் படவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சி ஜூலியின் உடம்பைப் பாதித்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை, ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது.

1782இல் ஊரில் ஒரு தொற்றுநோய் வந்தது. தொற்றுநோய் என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் நோய். அந்தக் காலத்து வைத்தியர்கள் எந்த நோய் வந்தாலும் நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுப்பார்கள். கெட்ட ரத்தம் போனால் நோயும் போய்விடும் என்று நம்பினார்கள். இன்றைக்குக் கேட்டால் பயமாக இருக்கிறது. ஜூலிக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது, அதுவும் திரும்பத் திரும்ப. அதற்குப் பிறகு அவருடைய கால்கள் முழுவதும் செயல் இழந்துவிட்டன. முப்பது வயதில் அவர் படுக்கையில் விழுந்தார்.

எத்தனை நாள் என்று நினைக்கிறீர்கள்? 22 ஆண்டுகள்.

கட்டிலைச் சுற்றி ஒரு வகுப்பு

அப்போது சக்கர நாற்காலியில் வெளியே போவது என்பதெல்லாம் கிராமத்து மக்கள் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம். ஜூலி கட்டிலில் இருந்தபடியே கையால் பின்னல் வேலையும் தையல் வேலையும் செய்தார். ஜெபம் செய்தார். குழந்தைகள் அவரைத் தேடி வந்தார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஜூலி பாடம் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். படுத்திருக்கும் ஆசிரியரால் எழுந்து வந்து மிரட்ட முடியாது. கரும்பலகையில் எழுத முடியாது. பின்னால் உட்கார்ந்து குறும்பு செய்யும் பையனிடம் நடந்து போக முடியாது. அவரிடம் இருந்தது குரலும் முகமும் மட்டும்தான். ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். சிரித்த முகம் என்று அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஆசிரியர் யார் என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் முதலில் நினைப்பது அந்தக் கட்டிலைத்தான்.

பிள்ளைகள் மட்டும் இல்லை, பக்கத்து ஊர் மாளிகைகளில் இருந்த பணக்காரப் பெண்களும் அவரைப் பார்க்க வந்தார்கள். கிராமத்துக் கடைக்காரர் மகளிடம் பேசிக்கொண்டிருக்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

வைக்கோல் வண்டி

1789இல் பிரெஞ்சுப் புரட்சி தொடங்கியது. ராஜாவின் ஆட்சியை மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். பெரிய வகுப்புகளில் வரலாற்றுப் பாடத்தில் இதை நீங்கள் விரிவாகப் படிப்பீர்கள். நமக்கு இங்கே வேண்டியது ஒரு செய்தி மட்டும். புதிய அரசு கத்தோலிக்கத் திருச்சபையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர நினைத்தது. அரசுக்கு உறுதிமொழி கொடுத்த பாதிரியார்கள் மட்டுமே வேலை செய்யலாம் என்று சட்டம் வந்தது. கன்னியர் மடங்கள் மூடப்பட்டன. கன்னியர்கள் என்றால் திருமணம் செய்துகொள்ளாமல் மத வாழ்க்கை வாழும் பெண்கள், நாம் சிஸ்டர் என்று கூப்பிடுகிறோமே, அவர்கள்.

மடங்கள் மூடியதால் என்ன ஆனது தெரியுமா? அந்தக் காலத்தில் பிரான்சில் நிறைய பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் அந்தக் கன்னியர்கள்தான். மடம் மூடியதும் பள்ளிக்கூடமும் மூடியது. பணம் உள்ளவர்கள் வீட்டுக்கு ஆசிரியரை வரவழைத்துக்கொண்டார்கள். ஏழை வீட்டுப் பெண் குழந்தைகள்? அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பல ஆண்டுகள் இப்படியே போயின.

உறுதிமொழி கொடுத்த புதிய பாதிரியாரை ஜூலி ஏற்றுக்கொள்ளவில்லை. நடக்க முடியாத ஒரு பெண் சொல்வதை ஊரே கேட்கிறது என்றால் சிலருக்குக் கோபம் வரும்தானே? அவரைப் பிடிக்க ஆட்கள் தேடினார்கள். நண்பர்கள் அவரை ஒரு வண்டியில் வைத்து, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, ஊரைவிட்டுக் கொண்டு போனார்கள். கொம்பியேன் என்ற ஊரில் ஒளிந்து வாழ்ந்தார். அங்கேயும் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு மாற வேண்டியிருந்தது. இந்த அலைச்சலில் அவருடைய பேச்சும் போய்விட்டது. கால் இல்லை, இப்போது குரலும் இல்லை. சைகையாலும் உதட்டசைவாலும் தான் நினைத்ததைத் தெரிவித்தார்.

பிரான்சுவாஸ் வருகிறார்

1794இல் அமியான் என்ற நகரத்துக்கு ஜூலியைக் கூட்டிப்போனார்கள். அங்கே அவர் பிரான்சுவாஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். முழுப் பெயர் பிரான்சுவாஸ் பிளேன் து பூர்தோன். பெரிய பிரபுக் குடும்பம். நன்றாகப் படித்தவர், மாளிகையில் வளர்ந்தவர். பிரபுக் குடும்பத்தில் பிறந்ததாலேயே புரட்சிக்காரர்கள் அவரைச் சிறையில் போட்டிருந்தார்கள். அந்த நாட்களில் சிறைக்குப் போனவர்கள் பலர் உயிரோடு திரும்பவில்லை. 1794 ஜூலையில் ரோபஸ்பியர் என்ற தலைவரின் ஆட்சி கவிழ்ந்தது. அதனால் பிரான்சுவாஸ் தப்பித்தார்.

சிறையிலிருந்து வந்த பிரபு வீட்டுப் பெண். படுக்கையில் கிடக்கும் கடைக்காரர் மகள். முதலில் இவர்கள் நட்பு சரியாக ஒட்டவில்லை. ஜூலி பேசுவது பிரான்சுவாஸுக்குப் புரியவே இல்லை. பேச்சு புரியாத ஒருவரிடம் தினமும் போய் உட்காருவது எவ்வளவு சிரமம்! ஆனாலும் பிரான்சுவாஸ் போனார். பொறுமையாகக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஜூலி சாகும் வரைக்கும் அவர்கள் நட்பு நீடித்தது.

1799இல் மறுபடியும் ஆபத்து வந்ததால் இருவரும் பெத்தன்கூர் என்ற கிராமத்துக்குப் போனார்கள். அங்கே ஜூலிக்குப் பேச்சு திரும்பி வந்தது. பேச்சு வந்ததும் என்ன செய்திருப்பார்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். கிராமத்து மக்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மூன்று பெண்கள், ஒரு வாக்கு

நாட்டில் கொஞ்சம் அமைதி வந்தது. இருவரும் அமியானுக்குத் திரும்பி வந்தார்கள். 1804ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி ஜூலி, பிரான்சுவாஸ், கேத்தரின் என்ற இன்னொரு பெண், மூவரும் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தார்கள். ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்வி கொடுப்பது ஒன்று. ஆசிரியர்கள் தேவைப்படும் இடங்களுக்கு அனுப்ப ஆசிரியர்களை உருவாக்குவது இன்னொன்று. இப்படித்தான் நோத்ர் தாம் சபை பிறந்தது. நோத்ர் தாம் என்றால் பிரெஞ்சு மொழியில் நம் அன்னை என்று பொருள், இயேசுவின் தாய் மரியாளைச் சொல்வது.

இந்த இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். ஜூலியால் ஒரு பள்ளிக்கூடம் மட்டும் தொடங்கியிருக்க முடியும். அதில் ஐம்பது பேர், நூறு பேர் படித்திருப்பார்கள். ஆனால் ஓர் ஆசிரியரைத் தயார் செய்து அனுப்பினால், அவர் போகும் ஊரில் வருடா வருடம் ஐம்பது பேர் படிப்பார்கள். பத்து ஆசிரியர்கள் என்றால்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். என் வேலை கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஜூலி மேல் மரியாதை இன்னும் கூடியது.

அதே ஆண்டு ஜூன் 1ஆம் தேதி இன்னொன்று நடந்தது. ஜூலி தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்காகச் சில நாட்களாக ஜெபம் செய்துகொண்டிருந்த ஒரு பாதிரியார் அங்கே வந்தார். கடவுளை நம்பி ஓர் அடி எடுத்து வைக்கச் சொன்னார். ஜூலி எழுந்தார். ஓர் அடி வைத்தார். இன்னொன்று. 22 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தார். சில நாட்கள் இதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் எல்லோர் முன்னாலும் நடந்து வந்தார். பார்த்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

கத்தோலிக்கர்கள் இதை அற்புதம் என்று சொல்வார்கள். நம் வகுப்பில் பல மதப் பிள்ளைகள் படிக்கிறீர்கள், உங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட ஐம்பத்து மூன்று. அந்தக் காலத்தில் அது முதுமைக்குப் பக்கம். கால் கிடைத்ததும் அவர் ஓய்வாக உட்காரவில்லை, ஊர் ஊராகக் கிளம்பினார்.

தெருவில் மணிச் சத்தம்

1806இல் அமியானில் இலவசப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்தால் போதுமா? ஏழை வீடுகளுக்கு அது எப்படித் தெரியும்? அந்த வீடுகளில் பலருக்குப் படிக்கத் தெரியாது, சுவரில் அறிவிப்பு ஒட்டிப் பயன் இல்லை. அதனால் சிஸ்டர்கள் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். மணி அடித்து, பெண் குழந்தைகளுக்குப் பணம் வாங்காமல் பாடம் சொல்லித் தருகிறோம் என்று அறிவித்தார்கள். நம் ஊர்களில் தண்டோரா போடுவார்கள் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதே மாதிரி. பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள்.

இலவசம் என்றால் செலவுக்கு யார் பணம் தருவது? சபை நடத்திய விடுதிப் பள்ளிகளில் வசதி உள்ள வீட்டுப் பெண்கள் கட்டணம் கட்டிப் படித்தார்கள். அந்தப் பணம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு உதவியது. பிரான்சுவாஸின் குடும்பச் சொத்தும் இதற்கே போனது.

சபையில் சேர்ந்த பெண்களுக்கு ஜூலியும் பிரான்சுவாஸும் பயிற்சி கொடுத்தார்கள். சேர்ந்தவர்களில் சிலருக்கே சரியாக எழுதத் தெரியாது, அவர்களும் புரட்சிக் காலத்தில் பள்ளி இல்லாமல் வளர்ந்தவர்கள்தானே! முதலில் அவர்கள் படிக்க வேண்டும், பிறகு படிப்பிக்க வேண்டும். நன்றாகப் படித்த பிரான்சுவாஸ் அவர்களின் படிப்பைப் பார்த்துக்கொண்டார். ஜூலி அவர்களைப் பிள்ளைகள் முன்னால் நிற்கப் பழக்கினார்.

அந்தக் காலத்து மடங்கள் பலவற்றில் இரண்டு வகைக் கன்னியர்கள் இருந்தார்கள். படித்த, பணக்கார வீட்டுப் பெண்கள் ஒரு வகை. சமையல், துவைத்தல் போன்ற வேலைகளைச் செய்யும் ஏழை வீட்டுப் பெண்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் மரியாதை ஒன்றாக இருக்காது. ஜூலி தன் சபையில் இந்த வேறுபாட்டை வைக்கவில்லை. பிரபு வீட்டுப் பிரான்சுவாஸும் விவசாயி வீட்டுப் பெண்ணும் ஒரே பெயரில் சிஸ்டர்தான். இது அந்த நாளில் சின்ன விஷயம் இல்லை.

ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள்

இவ்வளவு நல்ல வேலை செய்பவரை எல்லோரும் பாராட்டியிருப்பார்கள் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை.

அப்போது பெல்ஜியம் என்று தனி நாடு கிடையாது. அந்தப் பகுதி பிரான்சின் கையில் இருந்தது. அங்கேயிருந்த ஆயர்கள் ஆசிரியர்களை அனுப்பும்படி ஜூலியிடம் கேட்டார்கள். ஆயர் என்றால் ஒரு பகுதியில் உள்ள எல்லாத் தேவாலயங்களுக்கும் தலைவர், பிஷப் என்றும் சொல்வார்கள். ஜூலி ஆசிரியர்களை அனுப்பினார். கென்ட் நகரத்துப் பக்கமும் நமூர் நகரத்திலும் புதிய வீடுகள் தொடங்கின. அடிக்கடி நேரிலும் போய்ப் பார்த்தார்.

அமியானில் இருந்த ஒரு பாதிரியாருக்கு இது பிடிக்கவில்லை. கன்னியர்கள் ஓர் ஊரில், ஒரு மடத்தில், அந்த ஊர் ஆயருக்குக் கீழே அடங்கி இருக்க வேண்டும், இப்படி ஊர் ஊராகச் சுற்றக் கூடாது என்பது அவர் எண்ணம். அமியான் ஆயரும் அவர் பேச்சைக் கேட்டார். ஜூலியோ தன் சபை ஓர் ஊருக்கு மட்டும் சொந்தமாகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். ஏன்? ஓர் ஊரோடு கட்டிப் போட்டால், தேவைப்படும் இடத்துக்கு ஆசிரியரை அனுப்ப முடியாது. அவர் 1804இல் கொடுத்த வாக்கே உடைந்துவிடும்.

1809 ஜனவரி மாதம் ஜூலியை அமியானை விட்டுப் போகச் சொன்னார் ஆயர். நல்ல குளிர்காலம். நமூர் சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. சிஸ்டர்கள் விரும்பினால் அமியானில் இருக்கலாம், விரும்பினால் ஜூலியோடு போகலாம். ஏறக்குறைய எல்லோரும் ஜூலியோடு கிளம்பிவிட்டார்கள். தாம் கட்டி எழுப்பிய வீட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

ஜூலிக்கு வருத்தம் இருந்திருக்கும். அமியான் ஆயர் சில ஆண்டுகள் கழித்துத் தன் தவறை உணர்ந்து அவரைத் திரும்பவும் அழைத்தார். ஆனால் அதற்குள் வேர் நமூரில் பிடித்துவிட்டது.

நமூரும் நடையும்

நமூர் மியூஸ், சாம்பிர் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருக்கும் அழகான ஊர். இன்று அது பெல்ஜியத்தில் இருக்கிறது. அங்கேதான் சபையின் தாய் வீடு அமைந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். பயிற்சி முடிந்ததும் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போனார்கள்.

ஜூலி அந்த ஊர்களுக்கெல்லாம் போனார். குதிரை வண்டியில் போனார், சில நேரம் நடந்தே போனார். மழை, சேறு, உடைந்த வண்டிச் சக்கரம், எல்லாம் பார்த்தார். அவர் செய்த பயணங்களை எண்ணிப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட 120 என்கிறார்கள். ஒரே அறையில் 22 ஆண்டுகள் கிடந்தவர், பன்னிரண்டே ஆண்டுகளில் 120 பயணம்!

பிளெமிஷ் மொழி பேசும் ஊர்களும் அவற்றில் இருந்தன. அது ஜூலிக்குத் தெரியாத மொழி. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித் தர, அந்த மொழி தெரிந்த பெண்களையே சபையில் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வாழும் உங்களுக்கு இதன் கஷ்டம் நன்றாகத் தெரியும்.

ஊரில் இல்லாத நேரத்தில் கடிதம் எழுதினார். நூற்றுக்கணக்கான கடிதங்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. எழுத்துப் பிழைகளோடுதான்!

1814, 1815இல் நெப்போலியனின் போர்கள் அந்தப் பகுதிக்கே வந்துவிட்டன. வாட்டர்லூ போர் நடந்த இடம் நமூரிலிருந்து அதிக தூரம் இல்லை. சபையின் பள்ளிகள் இருந்த ஊர்கள் வழியாகப் படைகள் போயின. அந்தப் பயத்தோடு பள்ளிகளை நடத்தினார்கள்.

1816ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி நமூரில் ஜூலி காலமானார். அவருக்கு வயது 64. அவருக்குப் பிறகு பிரான்சுவாஸ் சபைக்குத் தலைவியானார். 1838இல் தான் இறக்கும் வரை அவர்தான் நடத்தினார். 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை ஜூலியைப் புனிதர் என்று அறிவித்தது.

கடல் தாண்டிய வேலை

1840இல் எட்டுச் சிஸ்டர்கள் நமூரிலிருந்து கப்பலில் அமெரிக்காவுக்குப் போய், சின்சினாட்டி நகரத்தில் பள்ளி தொடங்கினார்கள். அடுத்து இங்கிலாந்து. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அதனால் பெரும் பஞ்சம் வந்தது. பசியில் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறி இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், மிகவும் ஏழைகள். நகரத்தில் பிள்ளைகள் நிறைந்து வழிந்தார்கள். ஆசிரியர்கள் போதவில்லை.

அப்போது இங்கிலாந்தில் ஒரு புதிய முறை நடைமுறைக்கு வந்திருந்தது. 13 வயது மாணவி பள்ளியிலேயே உதவி ஆசிரியையாகச் சேருவாள். பகலில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவாள். பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமை ஆசிரியரிடம் பாடம் படிப்பாள். ஐந்து ஆண்டுகள் இப்படி. ஆமாம், உங்கள் அக்கா வயதில் ஒரு பெண், வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு! பிறகு தேர்வு எழுதுவாள். தேறினால் அரசு உதவித் தொகையோடு பயிற்சிக் கல்லூரியில் படிக்கலாம். ஆனால் கத்தோலிக்கப் பெண்கள் போவதற்குக் கல்லூரி எங்கே?

1856இல் லிவர்பூலில், மவுண்ட் பிளசன்ட் என்ற தெருவில், நோத்ர் தாம் சிஸ்டர்கள் அந்தக் கல்லூரியைத் திறந்தார்கள். பிரான்செஸ் லெஷர் என்ற ஆங்கிலேயப் பெண் அதன் தலைவி. நமூருக்குப் போய்ச் சபையில் சேர்ந்து பயிற்சி பெற்றுத் திரும்பியவர். சபையில் அவர் பெயர் சிஸ்டர் மேரி ஆஃப் செயின்ட் பிலிப். 1904இல் இறக்கும் வரை, கிட்டத்தட்ட 48 ஆண்டுகள், ஆசிரியைகளை உருவாக்கும் அந்த வேலையிலேயே இருந்தார்.

அந்தக் காலத்துப் பயிற்சிக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாணவி உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். மற்ற மாணவிகள் எல்லோரும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். குரல் கேட்கவில்லை, கேள்வி புரியவில்லை, கடைசி வரிசையைப் பார்க்கவே இல்லை என்றெல்லாம்! கேட்டுக்கொண்டு நிற்பது சுலபமாக இருந்திருக்காது. அரசு அதிகாரிகளும் வந்து தேர்வு வைத்தார்கள்.

படித்து முடித்த பெண்கள் இருபது, இருபத்தொரு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ரயில் ஏறி, தெரியாத ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். தொழிற்சாலை ஊர்களில், துறைமுக ஊர்களில், அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலரே வளர்ந்து, உதவி ஆசிரியையாகி, தேர்வு எழுதி, அதே மவுண்ட் பிளசன்ட் கல்லூரிக்குப் படிக்க வந்தார்கள்.

1980இல் அந்தக் கல்லூரி லிவர்பூலில் இருந்த மற்றப் பயிற்சிக் கல்லூரிகளோடு ஒன்றாகச் சேர்ந்தது. இப்போது அதன் பெயர் லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகம். பெண்களும் ஆண்களும் அங்கே படிக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சி இன்றும் நடக்கிறது.